மருந்து மொடலிங் (மருந்து உடம்பில கூடிக் குறையுறதைக் கணக்காப் போட்டுப் பாக்கிறது), ஸ்கான் பட ஆராய்ச்சிக்கு வரப்போறீங்களோ?
கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஏஎல் முடிச்ச தம்பி தங்கச்சியவை, இதுக்கு டொக்டரா இருக்கோணும் எண்டில்லை, பயோவோ மற்ஸோ ரெண்டாலயும் வரலாம், அறிவியல்நகர் இன்ஜினியரிங் பீடத்தில இருந்துகூட இந்தப் பக்கம் திரும்பலாம்.

முதல் எக்செல்லைத் திறவுங்கோ. பனடோல்ல இருக்கிற பரசிற்றமோலின்ர அரைவாழ்வு, அதாவது ரத்தத்தில இருக்கிற மருந்து பாதியாக் குறைய எடுக்கிற நேரம், கிட்டத்தட்ட 2 மணித்தியாலம் எண்டு வையுங்கோ, 0.693ஐ (2இன்ர இயற்கை மடக்கை) அதால பிரிச்சா மணித்தியாலத்துக்கு 0.35 எண்டு கழியுற வேகம் வரும், ரத்தத்தில 10 இருந்தா 2 மணித்தியாலத்தால 5, 4ஆல 2.5, அதைக் கோடாக் கீறுங்கோ. ஈரல் பழுதெண்டா அரைவாழ்வு கூடும், அதையும் மாத்திப் பாருங்கோ, கோடு சரியுறதே வேற மாதிரி இருக்கும்.

ஸ்கானுக்கு த்ரீடி ஸ்லைசர் எண்ட, ஸ்கான் படங்களைத் திறந்து பாக்கிற மென்பொருள் இலவசம், மாதிரிப் படங்களும் இருக்கு. தெரிஞ்ச ஆக்களின்ர ஸ்கானை வாட்சப்பில வாங்கி ஆராய்ச்சி செய்யாதேங்கோ, நெறிமுறைக் குழு அனுமதி வேணும்.

பைத்தன் எண்ட கொம்பியூட்டர் மொழி கட்டாயம். பேராசிரியர்மாருக்கு மெயில் போடேக்க சேர்டிபிகேட் கட்டை விட்டிட்டு அந்தக் கிராப்பை அனுப்புங்கோ.