மாசமாக இருப்பவள் வீட்டில் புகையிலை, குடி பற்றி எப்படிப் பேசுவது?

ஆலங்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்காகவும், வீட்டில் மகளோ மருமகளோ மாசமாக இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். "புகையிலை போடாதே, குடிக்காதே" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்தப் பெண்ணும் தலையாட்டிவிடுவாள். நாம் தெருமுனை திரும்புவதற்குள் வெற்றிலைப் பெட்டி திறந்துவிடும். ஏனென்றால் அந்தப் பெட்டி அவளுடையது மட்டுமல்ல, மாமியாருடையது, அவருக்கு முன்னால் அவருடைய மாமியாருடையது. வீட்டோடு பேசினால்தான் ஏதாவது நடக்கும்.

முதலில் எப்படிக் கேட்பது என்று பார்ப்போம். எங்கள் பக்கம் பெண்கள் சிகரெட் பிடிப்பது அபூர்வம். "புகை பிடிப்பீர்களா?" என்று கேட்டால் "ஐயோ, இல்லம்மா" என்பார்கள், அது உண்மைதான். வெற்றிலையோடு வைக்கும் புகையிலைத் துண்டும், பல் தேய்க்கும் புகையிலைப் பொடியும், மூக்குப்பொடியும், உதட்டுக்குள் ஒதுக்கும் ஹான்ஸும் அவர்கள் மனதில் 'புகை'க் கணக்கில் வருவதே இல்லை. அதனால் ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கேளுங்கள். கேட்கும்போது அது சாதாரண விஷயம் போலவே கேளுங்கள்: "மசக்கைக்கு வாய் கசக்குதுன்னு நெறைய பேரு வெத்தல பொகல போடுவாங்க, நீயும் போடுறியாம்மா?" இப்படிக் கேட்டால் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்கவே கூடாது. எடை பார்க்கவும் பிரஷர் பார்க்கவும் தனியாக உள்ளே கூப்பிடுவோம் இல்லையா, அதுதான் நேரம். அவளுடைய கர்ப்பகாலப் பதிவு அட்டையில் எழுதுவதாக இருந்தால் அவளிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள். அந்த அட்டையை வீட்டில் எல்லோரும் பிரித்துப் பார்ப்பார்கள்.

போடுகிறேன் என்று சொன்னால் உடனே அறிவுரையில் இறங்காதீர்கள். எதற்காகப் போடுகிறாள் என்று கேளுங்கள், வழி அங்கேதான் இருக்கிறது. குமட்டலுக்கு என்றால் எலுமிச்சை, நெல்லிக்காய், கொஞ்சம் சோம்பு கொடுத்துப் பார்க்கலாம். அடங்காவிட்டால் டாக்டரிடம் மாத்திரை உண்டு. பல்வலிக்காகப் புகையிலையை அடக்கி வைத்துக்கொள்பவர்கள் நிறைய. மாசமாக இருக்கும்போது ஈறு வீங்குவதும் ரத்தம் கசிவதும் சகஜம், பல் டாக்டரிடம் காட்டலாம், நடு மாதங்களில் தாராளமாக வைத்தியம் செய்துகொள்ளலாம். 'வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு பல்லு புடுங்கக் கூடாது' என்ற பயத்தில் எட்டு மாதம் புகையிலையை மென்றால் பல்லும் போகும், பிள்ளைக்கும் கேடு. இன்னும் சிலர் பசியை அமர்த்துவதற்காகப் போடுகிறார்கள். காலையிலிருந்து பீடி சுற்ற உட்கார்ந்தவள் எழுந்து போய்ச் சாப்பிட்டால் கணக்குக் குறையும், ஒரு வாய் வெற்றிலை போட்டால் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். அவளிடம் புகையிலையில் இருக்கும் நிகோடின் என்ற நச்சைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கையெட்டும் தூரத்தில் வேர்க்கடலையும் பேரீச்சம்பழமும் இருக்க வேண்டும். அரசாங்கம் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம் வருகிறது. அது அலமாரிக்குப் போகாமல் அவள் பக்கத்திலேயே இருக்கும்படி வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் பாக்கும் வேண்டாம். புகையிலையை விட்டுவிட்டுப் பாக்கை மட்டும் மெல்லுகிறேன் என்று வருபவர்கள் உண்டு. பாக்குப் பழக்கமும் குழந்தையின் எடையைக் குறைக்கும்.

சரி, மாமியாரிடம் வருவோம். "நான் வெத்தல பொகல போட்டுத்தான் ஆறு புள்ள பெத்தேன், ஒண்ணுக்கு ஒண்ணு என்ன கொறஞ்சு போச்சு?" என்பார். இதைக் கேட்காத செவிலியர் கிடையாது. இதற்கு "எத்தனை தங்கியது ஆச்சி?" என்று திருப்பிக் கேட்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த வயதுப் பெண்களில் பலர் ஒரு பிள்ளையையாவது மண்ணில் வைத்திருப்பார்கள். ஏன் போனது என்று அன்றைக்கு யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு நாம் போய் 'உன் வெற்றிலைதான்' என்று சொல்வது கொடுமை, அப்படி உறுதியாகச் சொல்லவும் முடியாது.

நான் வேறு மாதிரி பேசுவேன். "ஆச்சி, உங்க காலத்துல டாக்டருக்கே தெரியாது. டாக்டர்களே பின்னாலதான் மனச மாத்திக்கிட்டாங்க" என்று ஆரம்பிப்பேன். அது நடந்த கதை. கலிபோர்னியாவில் சிம்ப்சன் என்ற டாக்டர் 1957-ல்தான் புகைக்கும் தாய்மாருக்குக் குறைமாதப் பேறு அதிகம் என்று எழுதினார். 1960-களில் அமெரிக்காவில், மாதம் நிறையுமுன் வலி கண்ட பெண்களுக்கு, வலியை நிறுத்துவதற்காக ஆல்கஹாலையே டிரிப் ஏற்றியிருக்கிறார்கள். குடிக்கும் தாய்க்குப் பிறந்த குழந்தைகளுக்கு முகத்திலும் மூளையிலும் ஒரே மாதிரி குறை இருப்பதை 1968-ல் பிரான்சில் லெமோயின் எழுதியபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1973-ல் சியாட்டிலில் ஜோன்ஸும் ஸ்மித்தும் அதற்கு ஒரு பெயர் வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பிரிட்டனில் 'வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை கொஞ்சமாக' என்று இடம் கொடுத்துக்கொண்டிருந்த அறிவுரை, 2016-ல்தான் 'ஒரு சொட்டும் வேண்டாம்' என்று மாறியது. இத்தனையையும் ஆச்சியிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. பெரிய டாக்டர்களே தப்பாக நினைத்திருந்தார்கள் என்று தெரிந்தால் போதும், அவர் இறங்கி வருவார். அப்புறம் அவரையே பொறுப்பாளர் ஆக்குங்கள்: "இந்தப் பத்து மாசமும் பெட்டி உங்க கையில இருக்கட்டும், அவ கண்ணுல படாம பாத்துக்கோங்க." பழி போடாமல் பொறுப்பைக் கொடுத்தால் பெரியவர்கள் மறுப்பதில்லை.

பீடி சுற்றும் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எங்கள் மாவட்டத்தில் அது வயிற்றுப் பிழைப்பு. வாயில் புகையிலையே வைக்காதவளும் மடியில் சொளவு (முறம்) நிறையப் புகையிலைத் தூளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தூள் மூச்சில் போகிறது, நிகோடின் கைத் தோல் வழியாகவும் ஏறும். முழுவதும் நிறுத்தச் சொல்வது நியாயம்தான், ஆனால் வாரக் கூலியை நம்பியிருப்பவளிடம் அதை மட்டும் சொல்லிவிட்டு வர எனக்கு மனம் வந்ததில்லை. குறைக்கச் சொல்லுங்கள். அடைத்த அறையில் வேண்டாம், காற்றோட்டமாகத் திண்ணையில் உட்காரட்டும். மூக்கில் துணி கட்டட்டும். தூளும் இலையும் படுக்கும் அறையில் இருக்கவே கூடாது. சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், வெறும் தண்ணீரில் அலசினால் போதாது. தூள் சலிப்பதை வேறு யாராவது செய்யட்டும். அரசாங்கத்தின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அளவுக்கு உதவி உண்டு. சீக்கிரம் பதிவு செய்து தவணை தவறாமல் வாங்கிக் கொடுத்தால், கடைசி மாதங்களிலாவது சொளவைக் கீழே வைக்க அவளுக்குத் தெம்பு வரும்.

கணவனிடம் பேசுவது பலருக்கும் தயக்கம். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு அவனையும் கூட்டி வரச் சொல்லுங்கள். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்ட கையோடு சொன்னால் காதில் ஏறும். "தம்பி, நீங்க விடுற புகை அவ மூச்சுல போகுது. புகையில இருக்குற விஷவாயு ரத்தத்துல ஏறி, புள்ளைக்குப் போற ஆக்சிஜனக் கொறைக்குது. புள்ள எடை போடாது, மாசம் நெறையுமுன்ன பொறக்கலாம்." இவ்வளவு போதும். வாசலில் நின்று பிடிப்பது வீட்டுக்குள் பிடிப்பதைவிட மேல், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் 1800 11 2356 என்ற எண்ணைக் காட்டுங்கள், காசு இல்லாமல் பேசி ஆலோசனை கேட்கலாம்.

குடி என்றால் பெண்கள் வாயே திறப்பதில்லை. உடம்பு வலிக்கக் கூலி வேலை பார்த்துவிட்டுக் கொஞ்சம் போட்டுக்கொண்டு படுப்பவளும் இருக்கிறாள், நகரத்தில் நண்பர்களோடு பீர் குடிப்பவளும் இருக்கிறாள். இருவருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றே. பீர், ஒயின், பிராந்தி, கள் எதுவானாலும் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். பாதிக்காத அளவு என்று ஒன்றைக் கண்டுபிடித்தவர் இல்லை. மூளை பத்து மாதமும் வளர்வதால் பாதுகாப்பான மாதம் என்றும் எதுவும் கிடையாது. மாசமானது தெரியாமல் குடித்துவிட்டேன் என்று அழுதுகொண்டு வருபவளை மிரட்டாதீர்கள். பயத்தில் கலைக்கப் போய்விடுவாள். "இன்னையோட விடு, டாக்டர்ட்ட சொல்லு, ஸ்கேன் ஒழுங்கா எடு" என்று தைரியம் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தினமும் அதிகமாகக் குடித்தவள் தானாகத் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும் வரலாம், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அவளை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

பேறுகாலம் முடிந்தும் வேலை முடியாது. "பச்ச ஒடம்பு, குளிர் வாங்கிரும்" என்று பிராந்தி கொடுக்கிற வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. சளி பிடித்த கைக்குழந்தை நாக்கில் ஒரு சொட்டுத் தடவுவதும் உண்டு. தாய் குடிப்பது பாலில் வரும், குழந்தைக்கு நேராகக் கொடுப்பது அதைவிட மோசம். பெற்றவளுக்கு வெந்நீர்க் குளியலும், சுக்குக் கருப்பட்டிக் காப்பியும், வயிறு நிறையச் சோறும் கொடுங்கள். நிகோடினும் பாலில் வரும். தாய்வீட்டுக்குப் போனதும் பழைய வெற்றிலைப் பெட்டி மறுபடி கைக்கு வரும் என்பதால், அந்த ஊர்ச் செவிலியருக்கு முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். அவள் கஷ்டப்பட்டு விட்டிருக்கிறாள் என்று நல்லபடியாகச் சொல்லி ஒப்படையுங்கள். ஒன்றரை மாத ஊசிக்கு வரும்போது குழந்தையின் எடையைப் பார்த்துவிட்டு, அவளிடமும் மறுபடி கேளுங்கள். கூட வந்திருக்கும் பாட்டியிடமும் கேளுங்கள்.