அறிவொளிக் காலமும் கற்பனாவாதமும்: ஒப்பிடும்போது செய்யும் தவறுகள்

பகுத்தறிவை முன்னிறுத்திய பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சிந்தனைக் காலம் அறிவொளிக் காலம் (Enlightenment); அதையடுத்து உணர்ச்சியையும் கற்பனையையும் முன்வைத்த இலக்கிய இயக்கம் கற்பனாவாதம் (Romanticism). தேர்வில் இவ்விரண்டையும் ஒப்பிடச் சொல்லும் கேள்வி வந்தால் பெரும்பாலானவர்கள் தாளின் நடுவே ஒரு கோடு போடுவார்கள். இந்தப் பக்கம் அறிவு, அந்தப் பக்கம் உணர்ச்சி. அந்தக் கோடு போடாமல் இருந்தாலே பாதித் தவறு குறைந்துவிடும்.

அறிவொளிக் காலத்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமைப் பாருங்கள். அறிவு உணர்ச்சிகளின் அடிமை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்று 1739இல் எழுதியவர் அவர். மறுபக்கம் கற்பனாவாதக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த். நல்ல கவிதை வலிய உணர்ச்சிகள் தாமாகப் பொங்கி வழிவது என்று 'லிரிக்கல் பாலட்ஸ்' கவிதைத் தொகுப்பின் 1800ஆம் ஆண்டு முன்னுரையில் அவர் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. நீண்ட நாள் ஆழ்ந்து யோசித்தவரால்தான் மதிப்புள்ள கவிதை தர முடியும் என்று அதே மூச்சில் சொல்கிறார். முன்பாதியை மட்டும் வெட்டி எடுப்பதைத்தான் நான் மிக மோசமான தவறு என்பேன்.

கற்பனாவாதிகள் அறிவியலை வெறுத்தார்கள் என்பதும் அரைகுறை உண்மை. வானவில்லின் மாயத்தைத் தத்துவம் (அன்று இந்தச் சொல் அறிவியலையும் குறித்தது) கலைத்துவிடும் என்று எழுதிய கவிஞர் கீட்ஸ், லண்டன் கைஸ் மருத்துவமனையில் மருத்துவம் பயின்றவர். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818) நாவலையும் அறிவியலுக்கு எதிரான கதை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதில் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்பவர் உயிர் கொடுத்து உருவாக்கும் படைப்பு எப்படிக் கல்வி பெறுகிறது என்று கவனியுங்கள். ஒரு குடிசையை ஒட்டி ஒளிந்திருந்து, அங்கே வாசிக்கப்படும் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்னியின் வரலாற்று நூலைக் கேட்கிறது. அது அறிவொளிச் சிந்தனையில் ஊறிய நூல். அப்புறம் ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் உணர்ச்சி ததும்பும் நாவல் 'வெர்தர்' கையில் கிடைக்கிறது. அதைப் படித்து அழுகிறது. இரண்டும் ஒரே மனதுக்குள் போகின்றன. நாவலில் விக்டரின் பெரிய குற்றம், உருவாக்கியதைவிட, உருவாக்கியதைக் கைவிட்டு ஓடியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. போதாக்குறைக்கு, நாவல் காணிக்கையாக்கப்பட்டது வில்லியம் காட்வினுக்கு. அவர் மேரியின் தந்தை, பகுத்தறிவை முழுதாக நம்பிய சிந்தனையாளர்.

சரி, வேறுபாடே இல்லையா? இருக்கிறது. அதைக் கொள்கைப் பெயர்களில் தேடாமல், ஒரே பொருள் பற்றிய இரண்டு கவிதைகளில் தேட வேண்டும். இயற்கையையே எடுத்துக்கொள்ளலாம். அறிவொளிக் காலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் 'மனிதன் பற்றிய கட்டுரை' (1733-34) ஒரு நெடுங்கவிதை. அதில் இயற்கை என்பது ஓர் ஒழுங்கு, உயிர்களையெல்லாம் கோத்த சங்கிலி. மனிதன் அதில் தன் இடம் அறிந்து நிற்க வேண்டும். வேர்ட்ஸ்வொர்த்தின் 'டின்டர்ன் ஆபி' (1798) கவிதையிலோ, வை நதிக்கரைக்கு ஐந்தாண்டு கழித்துத் திரும்பி வந்த ஒருவர், இந்த இடம் தனக்குள் என்ன செய்தது என்று யோசிக்கிறார். போப் 'மனிதன்' என்று பேசுகிறார். வேர்ட்ஸ்வொர்த் 'நான்' என்று பேசுகிறார்.

ஆண்டு விஷயத்திலும் கவனம் தேவை. 'டின்டர்ன் ஆபி' வந்த 1798ஐ இரண்டு காலங்களுக்கும் நடுவே எல்லைச் சுவராக்க வேண்டாம். கற்பனாவாதக் கவிஞர் பிளேக்கின் 'களங்கமின்மைப் பாடல்கள்' 1789இலேயே வந்துவிட்டது. அதேபோல, போப்பின் மதிப்பைக் குறைத்துப் பேசியவர்களை எதிர்த்து 1821இல் ஒரு நீண்ட கடிதத்தை அச்சிட்டு வெளியிட்டவர் கற்பனாவாதக் கவிஞரான பைரன். தன் காலத்துக் கவிஞர்களைவிடப் போப்பை உயரத்தில் வைத்தவர் அவர்.