கரட்டுத் தரையில் ஆடிக் காற்றுக்குக் கூடாரம் நிற்க

மதுரைக்கு வடகிழக்கே மேலூர்ப் பக்கத்துக் கரடுகளில் கூடார முளை இறங்காது. மேலே நாலு விரற்கடை செம்மண், கீழே பாறை. கூடாரத்தோடு வரும் அலுமினிய முளைகள் வளைந்துபோகும். பாதி இறங்கியதை ஆடி மாத மேல்காற்று பிடுங்கிவிடும்.

மண் ஓரடிக்கு மேல் இருந்தால் 10 மி.மீ. முறுக்குக்கம்பி போதும். ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையைப் பட்டறையில் கூராக்கி, மறுமுனையைக் கொக்கியாக வளைத்து வாங்கினேன். அடிக்கும்போது தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

வெறும் பாறையில் கல்தான். ஆனால் கயிற்றை நேரே பெரிய கல்லில் சுற்றினால், காற்றில் ஆடி ஆடி விளிம்பில் தேய்ந்து விடிவதற்குள் அறுந்துவிடும். எனக்குச் சரிப்பட்ட வழி: கயிற்று நுனியை முழ நீளக் குச்சியின் நடுவில் கட்டிப் படுக்கவைத்து, குச்சிக்கு முன்னால், கூடாரப் பக்கமாக, கயிற்றின் மேல் இருபது கிலோக் கல்லை ஏற்றுவது. இழுபட்டால் குச்சி கல்லில் முட்டி நிற்கும். கல் கிடைக்காத இடத்தில் உரச் சாக்கில் மண்.

வாசலை மேற்கே வைக்காதீர்கள், மேல்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும்.

அடியில் பழைய பிளக்ஸ் பேனர் விரிக்கலாம். முதலில் தரையைப் பெருக்க வேண்டும். சீமைக்கருவேல முள் செருப்பையே துளைக்கும், பேனர் எம்மாத்திரம்! பேனர் கூடாரத்தைவிட நாலு விரல் உள்ளடங்கி இருக்கட்டும். வெளியே நீட்டினால் மழைநீரைப் பிடித்து அடியில் தேக்கும். வெயில் குடித்த பாறை இருட்டிய பின்னும் வெகுநேரம் சூடு கக்கும், மண்ணே மேல். பட்டா நிலமென்றால் உரிமையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் தங்கக் கூடாது.