விமானத்துக்கு ரிவிட் கருவி வாங்கும்போது பணம் எங்கே வீணாகிறது?

சொந்தமாக ஒரு சின்ன உலோக விமானம் கட்டிப் பார்க்கும் ஆசை வந்ததும் பலரும் முதலில் கருவிப் பட்டியலைத் தேடிப் போகிறார்கள். தப்பு அங்கேயே ஆரம்பிக்கிறது. எந்தக் கருவி வேண்டும் என்பதை முடிவு செய்வது நீங்களோ கடைக்காரரோ இல்லை, விமானத்தின் வரைபடம். வீட்டில் கட்டும் விமானங்களுக்கு கிட் விற்கும் வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-7, ஆர்வி-10 போன்றவற்றில் பெரும்பாலும் கெட்டி ரிவிட். ஒரு பக்கம் ரிவிட் கன் அடிக்க, மறுபக்கம் ஒரு இரும்புக் கட்டையைப் பிடித்து ரிவிட்டின் வால் முனையை நசுக்க வேண்டும். அதே நிறுவனத்தின் ஆர்வி-12-லும், ஜெனித் சிஎச் 750-லும் பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்து இழுத்து இறுக்குகிற பாப் ரிவிட்தான். இரண்டுக்கும் கருவிப் பெட்டி முற்றிலும் வேறு. எந்த விமானம் என்று முடிவாகுமுன் ரிவிட் கன் வாங்கி வைப்பது, பெண் பார்க்குமுன் மண்டபம் பிடிக்கிற கதைதான். (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் அனுமதி விவகாரம் தனி, அதையும் கருவிக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.)

மதுரையில் இருந்துகொண்டு இதைச் செய்பவருக்கு ஒரு வசதி, ஒரு ஆபத்து, இரண்டும் உண்டு. கப்பலூரிலோ கே.புதூர் தொழிற்பேட்டையிலோ ஒரு வரைபடத்தை நீட்டினால் கடைந்து, அரைத்து, துளை போட்டுத் தர ஆள் இருக்கிறார்கள். அது வசதி. "இதுக்குப் போய் வெளிநாட்டுல வாங்கணுமா, நம்ம கடைலயே கிடைக்கும் சார்" என்கிற வார்த்தை எல்லாப் பக்கமிருந்தும் வரும். அது ஆபத்து. பாதி நேரம் அவர்கள் சொல்வது சரி. மீதிப் பாதியில்தான் தகடு கெடும். நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி இது: ரிவிட்டையும் தகட்டையும் நேராகத் தொடுகிற பாகத்தில் கஞ்சத்தனம் கூடாது, மற்ற எல்லாவற்றிலும் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம்.

கடை ரிவிட்

பஸ் பாடி கட்டுகிறவர்கள் அடிக்கிற பாப் ரிவிட்டும் 3.2 மி.மீ, 4 மி.மீ தான், ஜெனித் விமானத்துக்கு வருகிற ஏவெக்ஸ் ரிவிட்டும் 1/8 அங்குலம், 5/32 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட அதே அளவுதான். கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உடல் என்ன உலோகக் கலவை, நடுக்கம்பி எவ்வளவு இழுவையில் முறியும் என்பதற்குக் கடைப் பெட்டியில் எந்த உத்தரவாதமும் இல்லை. விமானத்தை வடிவமைத்தவர் கணக்குப் போட்டது அந்த இரண்டையும் வைத்துத்தான். கெட்டி ரிவிட்டிலும் இதே கதை. விமானத்தில் வழக்கமாகப் போவது ஏடி வகை, 2117 அலுமினியக் கலவை. அதன் தலை நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கும். குழியே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது மெத்தென்ற சுத்த அலுமினியமாக இருக்கலாம். அடிக்க வெண்ணெய் மாதிரி இருக்கும், பலம் இருக்காது.

ஜெனித் கட்டுபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தட்டைத் தலை ஏவெக்ஸ் ரிவிட்டை இழுக்கும்போதே குமிழ்த் தலையாக வளைத்துவிடும்படி, முனையில் குழிவாகக் கடைந்த மூக்குத் துண்டு அதற்குத் தேவை. சாதாரண பாப் ரிவிட் கன்னில் வரும் தட்டை மூக்கை வைத்து இழுத்தால் தலை வரைபடத்தில் சொன்னபடி உட்காராது. கன் எந்தக் கடையிலும் வாங்குங்கள். மூக்குத் துண்டு மட்டும் ஜெனித் நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும்.

ஏர் ஹேமரை ரிவிட் கன் என்று நினைப்பது

கெட்டி ரிவிட் அடிப்பவர்களுக்கு இதுதான் பெரிய குழி. டூல்ஸ் கடையில் உளி செட்டோடு விற்கிற ஏர் ஹேமர் மலிவு. அதன் வாயும் விமான ரிவிட் கன்னின் வாயும் பெரும்பாலும் ஒரே 0.401 அங்குல அளவு. ரிவிட் செட் (ரிவிட் தலையில் அடிக்கிற எஃகுத் துண்டு) கச்சிதமாக உள்ளே போய் உட்காரும். பொருந்திவிட்டதே, போதாதா?

போதாது. ஏர் ஹேமர் குட்டையான வீச்சில் படபடவென்று அடிக்கும். விசையைத் தொட்டால் முழு வேகம், விட்டால் நிற்கும், நடுவில் எதுவும் இல்லை. ரிவிட் கன்னின் வீச்சு நீளம், வேகம் குறைவு, விசையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவே அடி. வாங்குமுன் சோதிப்பது சுலபம். ஒரு மரக்கட்டையில் செட்டை அழுத்திப் பிடித்து விசையை மெதுவாக இழுங்கள். டக்... டக்... என்று ஒவ்வோர் அடியாக எண்ண முடிந்தால் அது ரிவிட் கன். எடுத்த எடுப்பில் இயந்திரத் துப்பாக்கி மாதிரி அதிர்ந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செட்டைக் காற்றில் பிடித்துக்கொண்டு விசையை இழுக்கவே கூடாது. செட்டைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கழன்றால் அந்த எஃகுத் துண்டு எதிரில் நிற்பவர் முகத்துக்குத்தான் போகும்.

அளவில் 2எக்ஸ், 3எக்ஸ், 4எக்ஸ் என்று இருக்கிறது. 4எக்ஸ் 3/16 அங்குல ரிவிட்டுக்கானது. சின்ன விமானம் கட்டுபவருக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. சின்னதாக இருந்தால் தகடு பிழைக்கும் என்று 2எக்ஸ் வாங்குகிறவர்கள் உண்டு. 3/32 ரிவிட்டுக்கு அது அருமை. ஆனால் 1/8 ரிவிட்டை அதை வைத்து நிறைய அடி அடித்து நசுக்கினால், அலுமினியம் அடிபட அடிபட இறுகி, ஓரத்தில் வெடிப்பு விடும். ஒரே ஒரு கன் என்றால் 3எக்ஸ். காற்றை 40 பிஎஸ்ஐ அளவில் வைத்துத் துண்டுத் தகட்டில் அடித்துப் பார்த்து, அங்கிருந்து கூட்டிக் குறையுங்கள்.

கட்டை, கோணம்

மறுபக்கம் பிடிக்கிற பக்கிங் பாருக்கு லேத் பட்டறையில் கிடக்கிற இரும்புத் துண்டு போதும் என்பார்கள். எடையைப் பொறுத்தவரை போதும்தான். ஆனால் மென்மையான இரும்பானால் நூறு ரிவிட்டுக்குள் முகம் பள்ளமாகிவிடும், பள்ளத்தில் நசுங்கும் வால் கோணும். இதை உள்ளூரிலேயே செய்யலாம், நன்றாகவே செய்யலாம்: டூல் ஸ்டீல் துண்டை வாங்கி, சூடேற்றிக் கடினப்படுத்தி, முகத்தை சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்து கண்ணாடி மாதிரி பாலிஷ் போடச் சொல்லுங்கள். மூலைகளையும் உருட்டச் சொல்ல மறக்க வேண்டாம். கூர்மையான மூலை ஒரு தடவை நழுவினால் இறக்கைத் தகட்டில் நகம் பதிந்த மாதிரி ஒரு பிறை விழும். அதைப் பெயின்ட் மறைக்காது, காட்டிக்கொடுக்கும். டங்ஸ்டன் கட்டை எஃகைவிட இரண்டு மடங்கு அடர்த்தி, விலையும் அதற்கு மேலே. கை நுழையாத மூலைகளுக்காக ஒன்றே ஒன்று வாங்கினால் வருத்தப்பட மாட்டீர்கள்.

உள்ளூரில் செய்யக் கூடாதது டிம்பிள் டை, அதாவது ரிவிட் தலை உட்காரத் தகட்டைக் குழிக்கிற அச்சு. விமானத்தின் தட்டைத் தலை ரிவிட்டின் கூம்புக் கோணம் 100 பாகை. நம் பட்டறைகளில் இருக்கும் கவுண்டர்சிங்க் (துளையின் வாயைக் கூம்பாகச் சீவுகிற பிட்) மெட்ரிக் திருகுக்கானது, 90 பாகை. பத்து பாகைதானே என்று தோன்றும். ஆனால் ரிவிட் உட்கார்ந்ததும் தலையின் ஓரம் மட்டும் தகட்டைக் கவ்வும், கூம்பின் அடிப்பக்கம் காற்றில் நிற்கும். பறக்கும்போது அதிர்கிற இணைப்பு இது. 3/32 ரிவிட்டுக்கு 0.8 மி.மீ-க்கும் மெல்லிய தகட்டில் கவுண்டர்சிங்க் போடுவதே தப்பு. துளை விரிந்து ஓரம் கத்தியாகிவிடும். அங்கே தகட்டை டையால் குழித்துத்தான் ஆக வேண்டும். நல்ல டையின் முகம் முழுத் தட்டையாக இராது, லேசாக வளைந்திருக்கும். அழுத்தியதும் தகடு மீண்டு வருவதற்கான கணக்கு அது. பக்கத்துப் பட்டறையில் கடைந்த தட்டை டை இதைச் செய்யாது, ஒவ்வொரு ரிவிட்டைச் சுற்றியும் தகடு அலை அலையாக நிற்கும்.

டிரில் பிட்டில் மட்டும் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். 3/32 ரிவிட்டுக்குக் கேட்கிற 40-ஆம் எண் பிட் 2.49 மி.மீ, நம் 2.5 அப்படியே சரி. 1/8 ரிவிட்டுக்கான 30-ஆம் எண் பிட் 3.26 மி.மீ. கடையில் சட்டென்று கிடைக்கிற 3.2 இறுகும், 3.3 கொஞ்சம் தளரும். 3.25 தேடி வாங்குங்கள், அல்லது எண் பிட்டையே வரவழையுங்கள்.

ரிவிட்டை இரண்டு பக்கமும் கவ்வி நசுக்குகிற ஸ்க்வீசர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓரத்து ரிவிட்டை எல்லாம் அடிக்காமல் அழுத்திவிடலாம், சந்துக்குள் வீடு இருப்பவருக்கு அக்கம்பக்கத்து நிம்மதியும் மிஞ்சும். கையால் அழுத்துவதை முதலில் வாங்கி, காற்றில் ஓடுவதைப் பிறகு யோசிக்கலாம்; ஆனால் இரண்டுக்கும் ஒரே யோக் (ரிவிட்டைக் கவ்வும் முன்பகுதி) பொருந்துமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

எல்லாரும் மறப்பது அளவுகோலை. நசுங்கிய வால் அகலத்தில் ரிவிட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, உயரத்தில் பாதி இருக்க வேண்டும். 1/8 ரிவிட்டுக்கு 4.8 மி.மீ அகலம், 1.6 மி.மீ உயரம். ஒரு சின்ன எஃகுத் தகட்டில் இந்த அளவுத் துளையும் வெட்டும் போட்டுத் தரச் சொன்னால் லேத்காரர் டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிடுவார்.

காற்றுக்கு பெரிய கம்ப்ரசர் வேண்டாம். ரிவிட் கன் விட்டு விட்டுத்தான் காற்றைக் குடிக்கும். பஞ்சர் கடை அளவு சிங்கிள் பேஸ் கம்ப்ரசரே ஓடும். காற்று டிரில்லையும் நாள் முழுக்க ஓட்டுவதானால் மட்டும் பெரிய டேங்க் பாருங்கள். ஐப்பசி மழையில் டேங்க்கில் தண்ணீர் சேரும், தினமும் வடிக்காவிட்டால் கன் துருப்பிடிக்கும். கன்னுக்குப் பக்கத்திலேயே ஒரு ரெகுலேட்டரும் தண்ணீர் பிடிப்பானும் இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் கன்னின் வாய் பெரும்பாலும் 1/4 என்பிடி (அமெரிக்க வகை) மரை, அங்குலத்துக்கு 18 புரி. நம் ஊர் ஏர் ஃபிட்டிங் பெரும்பாலும் பிஎஸ்பி (பிரிட்டிஷ் வகை), அங்குலத்துக்கு 19 புரி. இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். "டெஃப்ளான் போட்டு முறுக்குங்க சார்" என்பார்கள். முறுக்கினால் கன்னின் மரை போகும். கன் பெட்டி வருமுன்பே என்பிடி-பிஎஸ்பி அடாப்டர் ஒன்றைச் சொல்லி வாங்கி வைத்துவிடுங்கள்.