கயிறு இழுக்கும் ரோபோ: முதல் முறை செய்கிறவர்களுக்கு

போன மே மாதம் அக்கா மகன் சேலத்துக்கு வந்திருந்தபோது, ஆளுக்கொரு குட்டி ரோபோ செய்து, நடுவில் கயிறு கட்டி மொட்டைமாடியில் இழுக்கவிட்டோம். என்னுடையது மாம்பழ அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்தது. கயிறு விறைத்ததும் நடுவில் மடிந்துபோனது. "மாமா, உங்க ரோபோ கும்பிடு போடுது" என்றான். அதனால் முதல் விதி: அட்டை வேண்டாம். தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட 6 மி.மீ. பிளைவுட், 15க்கு 10 செ.மீ. துண்டு போதும்.

வாங்க வேண்டியவை

ஆர்டுயினோ ஊனோ (ரோபோவின் மூளையான சின்னக் கணினிப் பலகை) ஒன்று, எல்298என் மோட்டார் டிரைவர் (ஊனோ சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பலகை) ஒன்று, மஞ்சள் நிற பிஓ மோட்டார் (பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார்) இரண்டு (சக்கரத்தோடு), காஸ்டர் சக்கரம் (எந்தப் பக்கமும் திரும்பும் குட்டிச் சக்கரம்) ஒன்று, 18650 செல் (ரீசார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி) இரண்டு, அதற்கான ஹோல்டர். மோட்டாரை 100 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 100 சுற்று) என்று கேட்டு வாங்குங்கள். 300 ஆர்பிஎம் பார்க்க அதே மாதிரி இருக்கும். வேகமாக ஓடும், ஆனால் இழுக்காது. சதுரமான 9 வோல்ட் பேட்டரியே போதும் என்று ஒரு கடையில் சொன்னார்கள், நானும் நம்பினேன். இரண்டு மோட்டாரும் இழுக்கும்போது தேவைப்படும் மின்னோட்டத்தை அதால் தர முடியாது.

பூட்டுதல்

மோட்டார் இரண்டும் பின்பக்கம், அதாவது கயிறு கட்டும் பக்கம். காஸ்டர் முன்பக்கம். பேட்டரியைப் பின்சக்கரங்களுக்கு நேர் மேலே வையுங்கள். காரணம் எளிது. ரோபோவின் எடை 500 கிராம், தரைக்கும் ரப்பருக்கும் உள்ள உராய்வுக் கெழு 0.8 என்று வைத்துக்கொள்வோம். 400 கிராம் பின்சக்கரத்தில் இறங்கினால் 320 கிராம் விசை வரை வழுக்காமல் இழுக்கலாம். பாதி எடை காஸ்டருக்குப் போய்விட்டால் 200தான்.

சக்கரத்துக்குப் பஞ்சர் கடையில் கிடைக்கும் பழைய பைக் டியூப்பை வளையமாக வெட்டி மாட்டுங்கள். கயிற்றுக்கு, சேலம் அம்மாபேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. தறி வீட்டில் கேட்டால் கழிவு நூல் கொடுப்பார்கள், நாலைந்து இழையை முறுக்கிக்கொள்ளலாம். கயிறு மாட்டும் கொக்கியை முதலில் சக்கர அச்சின் உயரத்தில் வையுங்கள். இழுக்கும்போது மூக்கு தூக்கினால் ஒரு செ.மீ. இறக்குங்கள். பாரம் இழுக்கும் டிராக்டர் முன்சக்கரம் எழும்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

ஒயர்

டிரைவரில் இஎன்ஏ, இஎன்பி முனைகளில் சின்னத் தொப்பி மாதிரி ஜம்பர் செருகியிருக்கும். அதைக் கழற்றினால்தான் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியும். இஎன்ஏவை ஊனோவின் 5ஆம் பின்னுக்கும், இஎன்பியை 6க்கும், திசையைச் சொல்லும் ஐஎன்1 முதல் ஐஎன்4 வரை வரிசையாக 8, 9, 10, 11க்கும் கொடுங்கள். செல்கள் இரண்டையும் தொடராக இணைத்து டிரைவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, ஊனோவுக்குத் தனியாகப் பவர்பேங்க் வைப்பது நல்லது. மோட்டார் திணறும்போது வோல்ட் இறங்கி ஊனோ ரீசெட் ஆகாது, எடையும் கிடைக்கும். சில பவர்பேங்க், குறைந்த மின்னோட்டம் என்றால் தானாக அணைந்துவிடும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவர், ஊனோ இரண்டின் கிரவுண்டையும் (ஜிஎன்டி என்று எழுதிய முனை) கட்டாயம் சேர்க்க வேண்டும்.

புரோகிராம்

நாலு திசைப் பின்களையும் முன்னோக்கி ஓடும்படி வைத்து, 3 விநாடி டிலே (காத்திருப்பு) கொடுங்கள், கை எடுக்க நேரம் வேண்டுமே. அப்புறம் ஒரு ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை): இஎன்ஏ, இஎன்பிக்கான அனலாக்ரைட் மதிப்பு, அதாவது 0 முதல் 255 வரையிலான வேக எண், 80இல் தொடங்கி, 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை 5 கூடி, 255 வரை. முக்கால் விநாடிக்குள் முழு வேகம் வந்துவிடும். எடுத்த எடுப்பில் 255 கொடுத்தால் சக்கரம் வழுக்கும். வழுக்க ஆரம்பித்த சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவு. சேற்றில் மாட்டிய பைக்கில் ஆக்சிலேட்டரை முறுக்குவது போலத்தான். ஏதாவது ஒரு சக்கரம் பின்னால் சுற்றினால் புரோகிராமைத் தொடாதீர்கள், அந்த மோட்டாரின் இரண்டு ஒயரை மாற்றிச் செருகினால் போதும்.

கட்டில் கால் சோதனை

எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். கயிற்றைக் கட்டில் காலில் கட்டி ரோபோவை ஓடவிடுங்கள். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றினால் மோட்டாருக்குத் தெம்பு மிச்சம் இருக்கிறது, பிடிப்பு போதவில்லை. பின்சக்கரத்தின் மேல் நட்டு போல்ட்டுகளை வைத்து எடை கூட்டுங்கள். சக்கரம் நின்று மோட்டார் உறுமினால் எடை அதிகம். எடையைக் குறையுங்கள், இல்லையென்றால் சின்னச் சக்கரம் மாட்டுங்கள். ஆரம் பாதியானால் இழுவிசை இரண்டு மடங்கு. உறுமும் நிலையில் 2 விநாடிக்கு மேல் விடாதீர்கள், டிரைவர் சூடேறிக் கெட்டுவிடும். சக்கரம் மெதுவாக, விட்டு விட்டு வழுக்குகிற எடைதான் சரியான எடை.

போட்டிக்குக் கயிற்றின் நடுவில் சிவப்பு நூல் கட்டி, தரையில் இரண்டு பக்கமும் 30 செ.மீ. தள்ளிக் கோடு போட்டோம். இந்தத் தடவை என் ரோபோ பிளைவுட், அவனுடையதைவிட 60 கிராம் கூடுதல் எடை. ஆனாலும் மூன்றுக்கு இரண்டு அவனுக்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் அவன் ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைத்ததை நான் கடைசியில்தான் பார்த்தேன்.