சளி என்று நினைத்துப் படுத்தேன்

கார்த்திகை மழையில் மூக்கு ஒழுகுவது எனக்கு ஆண்டு வழக்கம். தும்மல், தொண்டைக் கரகரப்பு, இரண்டு நாள் சுக்குக் கஷாயம், அவ்வளவுதான். இந்த முறை, மதியம் நன்றாகச் சாப்பிட்டவன் மாலை ஆறு மணிக்குப் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். தெர்மாமீட்டர் 102 காட்டியது. கண்ணைத் திருப்பினால்கூட வலி. மூக்கோ காய்ந்து கிடந்தது.

சளி மெல்ல ஏறும். ஃப்ளூ இப்படித் திடீரென்று அடித்துச் சாய்க்கும். அது புரியாமல், அலமாரியில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கை விழுங்கப் போனேன். மனைவி பிடுங்கிக்கொண்டாள். வைரஸை அது ஒன்றும் செய்யாது.

மறுநாள் காலையே டாக்டரிடம் போனேன். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதால் ஒசெல்டமிவிர் என்ற ஃப்ளூ வைரஸ் மருந்தை எழுதிக்கொடுத்தார். 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகமாம். டெங்குவாகவும் இருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை பாராசிட்டமால் மட்டும், ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையைத் தொடக்கூடாது என்றார். டெங்கு இல்லை என்று வந்தது.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு பாராசிட்டமால், இடையிடையே உப்புப் போட்ட நொய்க்கஞ்சி. என்னை எழுப்பி உட்காரவைத்தது கஞ்சிதான் என்று இன்றும் வாதாடுவேன். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. இருமல் மட்டும் இரண்டு வாரம் கூடவே இருந்தது.