ஏற்காடு பஸ் ஏறி உலகக் காடுகளைப் படிப்பது எப்படி

ஒன்பதாம் வகுப்பில் பல்லுயிர்த் தொகுதி (ஒரே மாதிரி வெப்பமும் மழையும் உள்ள, ஒரே மாதிரி செடிகொடிகளும் விலங்குகளும் வாழும் பெரும் நிலப்பரப்பு) பாடம் வந்ததும் சவானா, டைகா, தூந்திரம் என்று பிள்ளைகள் அட்டவணையை உருப்போட ஆரம்பித்துவிடுகிறார்கள், பரீட்சை முடிந்த மறுநாள் அதில் பாதிகூட நினைவில் நிற்பதில்லை. சேலத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டமே தேவையில்லை. மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே ஏற்காடு மலைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

கேட்கவேண்டியது இரண்டே கேள்வி. வெப்பம் எவ்வளவு, மழை எவ்வளவு? பதில் இலையிலேயே இருக்கும்.

முதலில் அடிவாரத்தில் இறங்கிவிடுங்கள். சாலையோர வேல மரத்தில் முள்ளைப் பார்த்து ஒரு இலையைக் கிள்ளிப் பிள்ளையின் உள்ளங்கையில் வையுங்கள். சிற்றிலை ஒவ்வொன்றும் அரிசி அளவுகூட இருக்காது, ஏனென்றால் இலை சின்னதானால் வெயிலில் அளவுக்கு மீறிச் சூடேறாது, தண்ணீரும் குறைவாகத்தான் போகும். ஆப்பிரிக்காவில் மரங்கள் சிதறி நிற்கும் புல்வெளியான சவானாவிலும் இதே வேலக் குடும்பம்தான், ஒட்டகச்சிவிங்கி ஒன்றரை அடி நாக்கை முள்ளுக்குள் நீட்டி மேய்வது இந்த மாதிரி இலையைத்தான்.

அடுத்த பஸ்ஸில் சன்னலோரம் உட்காருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் கீழ்ப்பாதியில் மூங்கிலும் மொட்டை மரங்களுமாக வரும், மரம் செத்துவிட்டதா என்று பிள்ளை கேட்கும். அந்த இடம்தான் முக்கியம், அவசரப்படாமல் சொல்லுங்கள்: இங்கே மரம் இலையைக் கொட்டுவது தண்ணீர்ப் பஞ்சத்துக்கு, ஐரோப்பாவின் இலையுதிர் காட்டில் கொட்டுவது பனிக்காலத்துக்கு. செய்கை ஒன்று, காரணம் வேறு. இது புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர், சேலம் 300க்கும் கீழே. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது கணக்கு, அதனால் மேலே 7, 8 டிகிரி குளிர்ச்சி. 1802இல் ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் தென் அமெரிக்காவின் சிம்போராசோ மலையில் ஏறியபோது உயரம் கூடக்கூடச் செடிகொடி மாறுவதைக் குறித்துவைத்துப் படமாகவே வரைந்தார், நீங்கள் செய்வதும் அதேதான்.

மேலே ஒரு இடத்தில் ஏமாந்துவிடாதீர்கள். சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம், நிழலுக்காக நட்டது. காபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே கொண்டுவந்தார். அதனால் எஸ்டேட்டை விட்டுவிட்டு மிச்சமிருக்கிற சோலை (மலையில் தானாகவே வளர்ந்த பசுமைக் காடு) பக்கம் பாருங்கள்: அடிமரத்தில் ஈரப்பாசி, கிளையில் மண்ணே இல்லாமல் ஆர்க்கிட். காற்றிலேயே ஈரம் இருந்தால்தான் இது நடக்கும். காட்டெருமை கண்ணில் பட்டால் மட்டும் நின்ற இடத்திலேயே ஒதுங்கிவிடுங்கள், கிட்டே போகவேண்டாம்.

மற்றதை டீ குடித்துக்கொண்டே சொல்லிவிடலாம். வருஷத்துக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்தால் பாலைவனம். 2000க்கு மேல், வருஷம் முழுக்கச் சூடு என்றால் மழைக்காடு. அங்கே பல இலைகளுக்கு நம் அரச இலை மாதிரி வால் உண்டு, மழைநீர் வழிந்தோட. வடக்கே குளிர்நாட்டுக் காடான டைகாவில் ஊசி இலை, கூம்பு மரம், பனி சறுக்கி விழுந்துவிடும். வருஷத்தில் சூடான மாதமே 10 டிகிரியைத் தாண்டாவிட்டால் மரம் கிடையாது, அதுதான் தூந்திரம்.

காட்டுக்குள் எதையும் பறிக்காதீர்கள், உதிர்ந்த இலை போதும். வீட்டுக்கு வந்து நோட்டில் ஒட்டி, மரத்தின் பெயருக்குப் பதிலாக அது வளர்ந்த இடத்தின் வெப்பத்தையும் மழையையும் பிள்ளையையே ஊகித்து எழுதச் சொல்லுங்கள்.